மலை இறங்கும் சில்லுகள்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தலவாக்கலை ஏறக்குறைய 1,200 மீற்றரில். நானுஓயா, லிந்துலை வழியாக மோட்டார் சைக்கிளில் இறங்குகிறவர் சுமார் 670 மீற்றர் உயரத்தை ஒரே ஓட்டத்தில் இழக்கிறார். வண்டியும் ஆளுமாக 180 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் விடுபடும் சக்தி ஏறத்தாழ 12 இலட்சம் ஜூல். மூன்றரை லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரின் உருளல் தடையும் வாங்கிக்கொள்ளும். வண்டி கியரில் இருந்தால் எஞ்சினும் ஒரு பங்கை ஏற்கும். மிச்சமெல்லாம் இரண்டு சில்லுகளின் நடுவே இருக்கும் சின்னஞ்சிறு பிரேக் லைனர்களில்தான் வெப்பமாக வந்து சேருகிறது.

ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா மஹகஸ்தொட்டையில் நடக்கும் மோட்டார் மலையேற்றப் போட்டியைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடும். ஏறுகிற வேகத்தில் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மலையகத்துச் சில்லுக்கு உண்மையான சோதனை இறக்கத்தில்தான். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லைக் குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு பேர் இறந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. மலை வீதியில் பிரேக் என்பது உயிர்.

இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். தோட்டப் பாடசாலைக்குப் போகும் ஆசிரியர், டிவிஷன் டிவிஷனாகச் சுற்றும் வெளிக்கள உத்தியோகத்தர், லயத்திலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போகும் இளைஞர் என்று மலையகத்தில் அதன்மேல் ஓடும் வாழ்க்கைகள் பல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் இருக்கிற வண்டியைக் காப்பாற்றி ஓட்டிய வருடங்கள். அந்தக் காப்பாற்றலில் எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் கிடைத்த கவனம் சில்லுக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். சில்லைக் கழுவுவதைப் பலர் அழகு வேலையாகவே பார்க்கிறார்கள். ஒரு கம்பி தளர்ந்திருப்பதையும், டயரில் கல் வெட்டியிருப்பதையும், லைனர் தேய்ந்திருப்பதையும் கண்ணும் விரலும் ஒன்றாகக் கண்டுபிடிக்கிற ஒரே வேளை, சில்லைக் கழுவுகிற வேளைதான்.

மேற்குச் சரிவில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்யும். மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் தோட்டத்துப் பாதையில் ஓடிய சில்லு சேறு இல்லாமல் திரும்பாது. அந்தச் சேற்றுக்குள் என்ன இருக்கிறது? நமது மலைகள் நைஸ், சார்னோகைட், குவார்ட்சைட் போன்ற பழம்பாறைகளால் ஆனவை. அவை சிதைந்து உண்டான மண்ணில் மென்மையான களியோடு குவார்ட்ஸ் மணல் துகள்களும் கலந்திருக்கின்றன. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. றிம் செய்யும் அலுமினியம் 3ஐக்கூட எட்டாது. சாதாரண உருக்கும் குவார்ட்ஸுக்குக் கீழேதான். காய்ந்த சேற்றைப் பழைய துணியால் அழுத்தித் துடைக்கும்போது, அலுமினியத்தைவிடப் பல மடங்கு கடினமான தூளை வைத்து நாமே றிம்மை உராய்கிறோம். குரோம் பூச்சிலும் கவனம் வேண்டும். பூச்சிலுள்ள மெல்லிய வெடிப்பு வழியே ஈரமும் ஒட்சிசனும் உள்ளே இறங்கி, அடியிலுள்ள இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஆகவே முதலில் தண்ணீர், பிறகுதான் துணி. தண்ணீரை மெதுவாக ஓடவிட்டுச் சேற்றை ஊறவைக்க வேண்டும். ஊறியது தானாகக் கழன்று விழும். மிச்சத்தை மென்மையான தூரிகையும் வாகனச் சாம்பூவும் எடுத்துவிடும். உடுப்புத் துவைக்கும் சவர்க்காரத் தூள் காரத்தன்மை உள்ளது. அலுமினியம் காரத்தையும் தாங்காது, அமிலத்தையும் தாங்காது. தேயிலைக்குப் போடும் உரத்தை வண்டியில் ஏற்றிப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உரக் கலவையில் சேரும் பொட்டாசியம் குளோரைட்டிலுள்ள குளோரைட்டு, துருவை வேகப்படுத்துவதில் கடல் உப்புக்கு இளைத்ததல்ல. உரமூட்டை ஏற்றிய நாளில் சில்லைக் கழுவாமல் விடுவது றிம்முக்கு நல்லதல்ல.

இறங்கி வந்து நிறுத்திய உடனே கழுவக்கூடாது. சூடான டிரம்மிலோ டிஸ்கிலோ குளிர்ந்த மலைத்தண்ணீர் பட்டால் உலோகம் ஒரே சீராகச் சுருங்காது; டிஸ்க் கோணிப்போகவும் இடமுண்டு. வெறுங்கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறியபின் கழுவுவதே சரி. சேர்விஸ் ஸ்டேஷனில் அழுத்தக் குழாயைச் சில்லின் மையத்துக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். பெயாரிங்கைக் காக்கும் சீல், வீதியில் தெறிக்கும் தண்ணீரைத் தடுக்கச் செய்யப்பட்டது, இந்தப் பீச்சலைத் தடுக்க அல்ல. உள்ளே நுழைந்த தண்ணீர் கிறீஸோடு கலந்து அதைக் கெடுக்கும். சில மாதங்களில் சில்லிலிருந்து ஓர் உறுமல் கேட்கத் தொடங்கும். நடு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, டயரை இரு பக்கமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சிறு ஆட்டம் தெரிந்தாலும் பெயாரிங்கைப் பார்த்தாக வேண்டும்.

கழுவி முடித்ததும் டிரம்முக்குள் ஈரம் தங்கியிருக்கும். லைனருக்கும் டிரம்முக்கும் நடுவே ஒரு நீர்ப்படலம் இருந்தாலே உராய்வு குறைந்துவிடும். எனவே இறக்கத்தில் கால் வைப்பதற்கு முன், சமதரையில் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை இலேசாகப் பலமுறை அழுத்திக் காயவைக்க வேண்டும். அந்தச் சிறு வெப்பம் ஈரத்தை விரட்டிவிடும். டிரம்மைத் திறந்து துப்பரவு செய்யும்போது உள்ளே படிந்த கருந்தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக்கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். லைனர்களில் அஸ்பெஸ்டஸ் சேர்த்த காலம் ஒன்று இருந்தது. பழைய சாமான்களில் எதில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

டிஸ்க் பிரேக் உள்ளவர்களுக்கு வேறொரு கவலை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது நியமம். ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 பாகை. நீண்ட இறக்கத்தில் எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். ஆவி அமுங்கக்கூடியது, லீவரைப் பிடித்தால் கைப்பிடி வரை வரும், வண்டி நிற்காது. பனியும் மூடுபனியும் ஓயாத ஊரில் இந்த எண்ணெயை இரண்டு வருடத்துக்கொருமுறையாவது மாற்றுவது செலவல்ல.

எரிபொருள் நெருக்கடி உச்சத்திலிருந்த 2022 ஜூலையில் கியூ.ஆர். பாஸ் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டோ நியூட்ரலில் போட்டோ வண்டியை உருளவிட்டுப் பெற்றோல் மிச்சம் பிடிக்கத் தூண்டும் நிலைமை அது. ஆனால் அப்படிச் செய்தால் எஞ்சின் தன் பங்கு வேலையைச் செய்யாது. அந்தப் பங்கும் நேராக லைனர்களின் தலையில் விழும். லைனர் அளவுக்கு மீறிச் சூடேறினால் உராய்வு குறைந்து, மிதிக்க மிதிக்கப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மூத்த டிரைவர்மார் சொல்வதற்குள் இருக்கும் பௌதிகவியல் இதுதான்.

இனி ஸ்போக் கம்பிகள். இப்போது அலோய் சில்லுகள் பெருகிவிட்டாலும், கல் பதித்த தோட்டப் பாதைகளில் கம்பிச் சில்லையே நான் விரும்புவேன். அலோய் வெடித்தால் சில்லையே மாற்ற வேண்டும். கம்பி முறிந்தால் அந்தக் கம்பியை மட்டும் மாற்றலாம். பழைய மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் பாரத்தைத் தாங்கி நின்றன. மெல்லிய கம்பிகளை இழுத்துக் கட்டியும் சக்கரம் செய்யலாம் என்ற எண்ணத்தை 1808இல் எழுதிவைத்தவர், பறக்கும் இயந்திரத்துக்கு இலேசான சில்லு தேடிய ஆங்கிலேயர் ஜோர்ஜ் கேலி. இன்றைய 100 சிசி வண்டிச் சில்லில் பெரும்பாலும் 36 கம்பிகள். எல்லாமே இறுக்கி இழுக்கப்பட்டவை. தரையைத் தொடும் பக்கத்துக் கம்பிகளில் அந்த இழுவை ஒரு கணம் குறைந்து மீளும். பாரத்தைச் சில்லு ஏற்பது அவ்வாறுதான். பதினெட்டு அங்குலச் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 530 தடவை சுழல்கிறது. நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் ஓடினால், ஒவ்வொரு கம்பியும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட முறை தளர்ந்து இறுகுகிறது. போதிய இழுவையோடு இருக்கும் கம்பி இதை வருடக்கணக்கில் தாங்கும். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முற்றாக இழுவையிழந்து வெட்டி இழுபடும். கடைசியில் ஹப்புக்குப் பக்கத்திலுள்ள வளைவில் உலோகம் களைத்து முறியும். ஒன்று முறிந்தால் அதன் சுமை அக்கம்பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும்.

தளர்ச்சியைக் கண்டுபிடிக்கக் காது போதும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் ஒவ்வொரு கம்பியையும் இலேசாகத் தட்டிக்கொண்டே சில்லைச் சுற்றுங்கள். தம்புராவின் தந்தியைப் போலத்தான்: இழுவை நான்கு மடங்கானால் சுருதி இரண்டு மடங்கு உயரும். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகச் சத்தமிடும். பின்சில்லில் இரு பக்கக் கம்பிகளின் இழுவை இயல்பாகவே வேறுபடக்கூடும் என்பதால் ஒரே பக்கத்துக் கம்பிகளையே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மந்தமான ஒன்றைக் கண்டதும் நீங்களே முறுக்கத் தொடங்காதீர்கள். ஒன்றை இறுக்கினால் றிம் அந்தப் பக்கம் இழுபட்டுக் கோணும். அதிகம் முறுக்கினால் கம்பியின் நுனி டியூப்பைக் குத்தும். கராஜ் பாஸ் சில்லைச் சுழலவிட்டு, கோட்டம் பார்த்து, கால் திருகு அரைத் திருகாக எடுப்பது பல வருடப் பயிற்சியில் வந்த திறமை. அதற்குக் கூலி கொடுக்கத் தயங்கக்கூடாது.

டயர்க் காற்றைப் பற்றி மலையகத்துக்கே உரிய ஓர் அதிசயம் உண்டு. நுவரெலியாவில் 10 பாகைக் குளிர் காலையில் 29 பி.எஸ்.ஐ. காற்றடித்துக்கொண்டு, 30 பாகை வெயிலடிக்கும் கொழும்புக்கு இறங்குகிறீர்கள். வெப்பநிலை கூடுவதால் டயருக்குள் அமுக்கம் கிட்டத்தட்ட 3 பி.எஸ்.ஐ. உயரும். ஆனால் மானி காட்டுவது உள்ளமுக்கத்துக்கும் வெளியமுக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. நுவரெலியாவில் 11.7 பி.எஸ்.ஐ. அளவில் இருந்த வளிமண்டல அமுக்கம் கடல் மட்டத்தில் 14.7. அதுவும் 3 உயர்ந்துவிட்டது! ஒன்றை மற்றொன்று கழித்துவிட, டயர் ஆறியபின் மானியில் தெரிவது ஏறக்குறைய அதே 29தான். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் வாயு விதிகளை வைத்து இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே ஊரில் இருந்தால் இந்த ஈடு கிடைக்காது. அங்கே ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ 1.4 பி.எஸ்.ஐ. கூடும், குறையும். நடுப்பகலில் ஓடிச் சூடான டயருக்குக் காற்றுப் பார்த்துக் கூட இருக்கிறதென்று இறக்கிவிட்டால், மறுநாள் விடியற்காலைப் பனியில் டயர் மெலிந்து கிடக்கும். காற்றுப் பார்ப்பது காலையில், ஓடுவதற்கு முன். மழைக்குப் பிடிப்புக் கூடும் என்று வேண்டுமென்றே காற்றைக் குறைப்பவர்களும் உண்டு. கல்லில் ஏறும்போது றிம் அடிபடுவதுதான் அதில் கிடைக்கும் பலன்.

டயரைப் பளபளக்க வைக்க டீசலும் கழிவு எண்ணெயும் பூசுகிறார்கள். இயற்கை இறப்பர் எண்ணெயில் ஊதிப் பலமிழக்கும் பொருள். ஓசோன் வெடிப்பிலிருந்து காக்கவென்று டயருக்குள் சேர்க்கப்பட்ட மெழுகு தானே மேலே கசிந்து ஒரு படலமாக நிற்கிறது. எண்ணெய் அதையும் கரைத்துவிடும். சோப்புத் தண்ணீரே போதும். 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹா ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. இறப்பரோடு இவ்வளவு நீண்ட உறவுள்ள நாட்டில் டயரை எண்ணெயில் ஊறவைப்பது வருத்தம் தருகிறது. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கடையில் பல வருடம் கிடந்த டயரைப் புதிதென்று வாங்கிவிடாமல் இருக்க அந்த எண்ணைப் பாருங்கள்.

எங்கே கழுவுவது என்பதும் இதில் சேர்ந்ததுதான். மகாவலிக்கும் களனிக்கும் தண்ணீர் பிறக்கும் மலைகள் இவை. லயத்துப் பீலிக்கு வரும் தண்ணீரும் மேலே எங்கோ ஓர் ஓடையிலிருந்துதான் வருகிறது. டயர் தேயும்போது உதிரும் துகள்களில் உண்டாகும் ஒரு வேதிப்பொருள் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதை 2020இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வானவில் ட்ரவுட் மீனும் அதற்குத் தாங்காது என்று பின்வந்த ஆய்வுகள் சொல்லின. பிரித்தானியர் கொண்டுவந்து ஹோட்டன் சமவெளி ஓடைகளில் விட்ட மீன் அது. பிரேக் தூள், செயின் எண்ணெய், சவர்க்காரம் எல்லாம் கலந்த கழிவைப் பீலிக்கரையில் விட்டால் அது கீழ் டிவிஷன்காரரின் குடத்துக்குத்தான் போகும். ஓடையை விட்டுத் தள்ளி, தண்ணீர் மண்ணில் ஊறி வடியும் புல்தரையில் இரண்டு வாளியை வைத்துக் கழுவுங்கள். செயின் கழுவிய மண்ணெண்ணெயைத் தரையில் ஊற்றாமல் ஒரு போத்தலில் சேர்த்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் கராஜில் கொடுத்துவிடுங்கள்.