முதுமலையில் யானை தரிசனம்

கடலூர்க்காரர்களுக்கும் சிதம்பரத்தாருக்கும் யானை புதிதன்று. திருநாவுக்கரசரை மிதித்துக் கொல்லும்படி பல்லவ மன்னன் ஏவிய யானை, அவரை வலம் வந்து வணங்கிச் சென்றதென்று பெரியபுராணம் கூறுகிறது. பின்னர் கல்லோடு பிணைத்துக் கடலில் எறியப்பட்ட அப்பெருமான் கரையேறிய தலம் நம் திருப்பாதிரிப்புலியூர். சிதம்பரத்திலோ முக்குறுணிப் பிள்ளையாருக்குக் கும்பிடு போடாமல் தெற்குக் கோபுரத்தைக் கடப்பவர் யார்?

ஆயினும், கல்லிலும் கதையிலும் கண்ட யானையைக் கானகத்தில் காண்பதற்கு நம் கடற்கரைச் சீமை உதவாது. பிச்சாவரத்துச் சதுப்பு வனத்தில் கொக்கும் நாரையும் உண்டு, குஞ்சரம் இல்லை. ஆகவே அரைப் பரீட்சை விடுமுறையில் குழந்தை குட்டிகளுடன் புறப்பட்டோம். சேலம், மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரி ஏறி, உதகையைத் தாண்டிக் கூடலூர் மார்க்கமாக முதுமலையில் இறங்கினோம்.

அந்நியர் ஆட்சியில் யானை பட்ட பாடு கொஞ்சமன்று. பயிரை அழிக்கிறதென்று சொல்லி, யானையைச் சுட்டவருக்குச் சென்னை சர்க்கார் வெகுமதியே கொடுத்து வந்தது. 1873-ஆம் ஆண்டில்தான் காட்டு யானைகளைக் காக்க ஒரு சட்டம் பிறந்தது. பின்னர் தெப்பக்காட்டில் முகாம் அமைத்து, பிடித்த யானைகளைக் கொண்டு மரம் இழுப்பித்தார்கள். கொன்றவனுக்குப் பணம், உயிரோடிருந்த யானைக்குச் சம்பளமில்லாத உத்தியோகம்! 1940-இல் முதுமலை சரணாலயமாயிற்று. 1990-இல் தேசியப் பூங்காவாகவும், 2007-இல் புலிகள் காப்பகமாகவும் உயர்ந்தது.

தெப்பக்காட்டு யானைகள் இன்று மரம் இழுப்பதில்லை. காட்டில் ரோந்து போகின்றன. ஊருக்குள் நுழையும் காட்டு யானைகளை விரட்டக் கும்கிகளாகச் செல்கின்றன. கேழ்வரகு, அரிசி, கொள்ளு, வெல்லம் எல்லாம் கலந்து பிடித்த பெரிய கவளங்களைப் பாகனும், அவருக்கு உதவியாளரான காவடியும் ஊட்டுகிற காட்சியைக் குழந்தைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். தாயை இழந்த ரகு, அம்மு என்னும் கன்றுகளைப் பொம்மன், பெள்ளி தம்பதியர் இங்கேதான் வளர்த்தனர். அவர்களைப் பற்றிய படம் 2023-இல் ஆஸ்கார் பரிசு பெற்றதை உலகமே அறியும்.

மறுநாள் விடியற்காலையில் வனத்துறையின் மோட்டார் வண்டியில் ஏறினோம். புள்ளிமான் கூட்டங்கள், ஒரு காட்டெருது, மரத்துக்கு மரம் தாவும் குரங்குகள். வெகு நேரம் இவ்வளவுதான். "யானை எங்கே?" என்று சிறுவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிய சமயத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். மூங்கில் முறியும் ஓசை கேட்டது.

"அம்மா, குழந்தையை உட்காரச் சொல்லுங்க, கன்று இருக்கு" என்று தாழ்ந்த குரலில் சொன்னார் வழிகாட்டி.

புதரிலிருந்து முதலில் வெளிவந்தது ஒரு முதிய பிடி. யானைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது ஆணன்று, இத்தகைய மூதாட்டிதான். துதிக்கையை உயர்த்திக் காற்றை மோப்பம் பிடித்து, எங்களை ஒரு கணம் நிதானித்துப் பார்த்தது. பின்னால் மூன்று பிடிகள். அவற்றின் கால்களுக்கிடையே, நடக்கத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கன்று. சாலையைக் கடந்து மறைய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதுவரை எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நாளொன்றுக்கு 150 கிலோவுக்கு மேல் தின்னும் பிராணி ஓரிடத்தில் தங்க இயலாது. மேற்கு மலைத் தொடரிலிருந்து கிழக்கு மலைத் தொடருக்குச் சீகூர்ப் பீடபூமி வழியாகத் தலைமுறை தலைமுறையாக அது நடந்து வருகிறது. அந்த வழியில்தான் மசினகுடிப் பக்கத்தில் விடுதிகள் முளைத்தன, வேலிகளும் எழுந்தன. கட்டியவர்களை மட்டும் குறை கூறிப் பயனென்ன? யானை பார்க்கப் போகும் நம்மைப் போன்றவர்களை நம்பியல்லவோ கட்டினார்கள்! அவ்வழித்தடத்தைக் காக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் அளித்த தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அலங்காரத்துக்காக அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடியோ, எந்தத் தீர்ப்புக்கும் அடங்காமல் புல்வெளிகளை விழுங்கி வருகிறது. 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டிலுள்ள காட்டு யானைகள் 3,063. அவையெல்லாம் இந்தப் புல்லையும் வழியையும் போன்றவற்றை நம்பியே வாழ்கின்றன.

முதுமலையைக் கடந்து மைசூர் செல்லும் சாலையில் இரவு 9 மணிக்குத் தடுப்புக் கட்டை இறங்கிவிடுகிறது. காலை 6 மணி வரையில் ஆம்புலன்ஸும் அனுமதி பெற்ற சில பஸ்களும் தவிர வேறெந்த வண்டியும் போகக்கூடாது. லாரிக்காரர்கள் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள். கட்டைக்கு அப்பாலுள்ள இருளில் மூங்கில் முறிந்துகொண்டிருக்கிறது.