அம்பாறையில் சொன்ன ஒரு 'ஓம்'

ஊடகப் பொய்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1835இல் நியூயோர்க் 'சன்' பத்திரிகை நிலாவில் வௌவால் மனிதர்களைக் 'கண்டுபிடித்த' கதையில்தான் பெரும்பாலும் தொடங்குவார்கள். சனம் வாயைப் பிளந்தது, பத்திரிகை விற்றது. யாருடைய கடையும் உடையவில்லை. கடை உடைந்த கதை நம்மிடம் இருக்கிறது.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டில் கிடந்த கட்டியொன்றைக் காட்டி, இது மலட்டு மாத்திரை என்று வாடிக்கையாளர் ஒருவர் சத்தம் போடுகிறார். ஆட்கள் கூடிவிட்டார்கள். காசு மேசையில் நின்றவரின் மொழி தமிழ்; சிங்களம் அரைகுறை. மாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, 'ஓம், போடுறதுதான்' என்கிற மாதிரி ஏதோ சொல்லிவைத்தார். கைபேசியில் பிடித்த அந்தப் பதில் முகநூலில் ஒப்புதல் வாக்குமூலமானது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன.

தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால் எனக்கு இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. 'போட்டாய்தானே?' என்பது வடிவத்தில் வினா. உள்ளே விடை ஏற்கெனவே இருக்கிறது. தரம் 10 பிள்ளைகளுக்கு வினா வாக்கியம் சொல்லிக்கொடுக்கும்போது இதை எடுத்துக்காட்டுவேன். சுற்றிவர நாலு பேர் நின்று அப்படிக் கேட்டால், விளங்காத மொழியில் யாரும் 'ஓம்' என்றுதான் சொல்வார்கள். சிங்களத்தில் அந்த மாத்திரைக்கு 'வந்த பெத்தி' என்று பெயர். மலடியைக் குறிக்கும் 'வந்தியை' என்ற பழைய சொல் நமது அகராதியிலும் உண்டு. இரண்டும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். ஆனால் இன்றைய தமிழ்க் காதுக்கு 'வந்த' என்றால் வருகை மட்டும்தான்.

ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரையே உலகத்தில் இல்லை. மருத்துவர்கள் அதைச் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெருகிச் சிங்களவரைச் சிறுபான்மையாக்கப் போகிறார்கள் என்ற பயம் பல வருடங்களாக ஊட்டப்பட்டிருந்தது; காணொளி அதற்கு ஒரு முகத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். அம்பாறையில் 23,000 மாத்திரைகள் பிடிபட்டதாக இன்னொரு புரளியும் ஓடியது.

கட்டியைப் பரிசோதித்த அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் அது வெறும் மாவு என்றது. மார்ச்சில் திகன எரிந்தது. அங்கே தீக்குச்சி வேறு, வீதித் தகராறில் தாக்கப்பட்ட லொறிச் சாரதியின் மரணம். ஆனால் காய்ந்த விறகில் அம்பாறைக் காணொளியும் கிடந்தது. மார்ச் 6இல் அவசரகாலச் சட்டம் வந்தது, முகநூலையும் முடக்கினார்கள். அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மேயில்.

அதற்கிடையில், 2019 மே 23இல் மாத்திரை கத்தியாகிவிட்டது. 4,000 சிங்களத் தாய்மாருக்கு முஸ்லிம் வைத்தியர் ஒருவர் இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று சிங்கள நாளிதழ் ஒன்று முன்பக்கத்தில் எழுதியது. குருநாகல் வைத்தியர் ஒருவர் கைதானார். ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் சொன்னது. இந்த முறை 'ஓம்' என்று சொல்லக்கூட யாரும் தேவைப்படவில்லை.