கட்டற்ற நிலப்படம் – பகுதி 9: ஒரே நீள்கோளம், ஐந்து ஆரங்கள்

அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் 1982இல் உருவாகத் தொடங்கிய கிராஸ் மென்பொருள் பொதுவுடைமையான வரலாறு சென்ற வாரம் சொல்லப்பட்டது. தொடர்ந்து வாசிப்போருக்கு அதை மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. பழைய நிலப்படத் தாளைக் கியூஜிஐஎஸ் மென்பொருளில் பொருத்தும் முறை இவ்வாரம் வந்திருக்க வேண்டும். ஆயினும், அந்தப் பொருத்துதலுக்கு அடியில் இருந்து கணக்குப் போடும் 'புரோஜ்' என்னும் நிரல் நூலகத்தைக் கடந்தே அங்கே செல்ல முடியும். அதிலுள்ள ஒரு பட்டியலின் ஐந்து வரிகளுக்கே இவ்வார இடம் போதவில்லை.

அமெரிக்க நிலவியல் அளவைத் துறையில் பணியாற்றிய ஜெரால்டு எவெண்டன் தொடங்கிவைத்த புரோஜ், உருண்டையான புவியின் இடங்களைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவரும் கோட்டுச்சட்டக் கணக்குகளைச் செய்கிறது. கியூஜிஐஎஸ், கிராஸ், போஸ்ட்ஜிஐஎஸ் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் யாவும் இந்தக் கணக்குக்கு அதையே நம்பியிருக்கின்றன. கணக்கு தொடங்குவதற்குப் புவியின் வடிவம் தெரிய வேண்டும். துருவங்களில் சற்றே அமுங்கிய அவ்வடிவத்தைக் குறிக்க அளவையாளர்கள் கொள்ளும் கணித உருவமே நீள்கோளம் எனப்படும். புரோஜ் அறிந்துள்ள நீள்கோளங்களின் பட்டியலை ஒரு சிறு கட்டளையால் எவரும் திரையில் வரவழைக்கலாம். அதில் எவரெஸ்ட் என்னும் பெயர் ஐந்து முறை, ஐந்து வெவ்வேறு ஆரங்களுடன் வருகிறது.

1830ஆம் ஆண்டுக்குரிய முதல் வரியில் நிலநடுக்கோட்டு ஆரம் 6377276.345 மீட்டர் என்று உள்ளது. 1956ஆம் ஆண்டின் இந்திய வரியிலோ அது 6377301.243 மீட்டர். மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஓர் எண்ணும், சபா, சரவாக் பகுதிகளுக்கு மற்றோர் எண்ணும் உள்ளன. இந்த நீள்கோளத்துக்குப் பெயர் தந்த அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் ஐந்து முறை புவியை அளந்து ஐந்து விடை கண்டார் என்று இதற்குப் பொருளில்லை. அவர் வழி வந்த ஆரம் 20922931.8 இந்திய அடி என்னும் ஒரே எண்தான்; அந்த அடியை மீட்டராக மாற்றுகையில் எந்த விகிதத்தைக் கொள்வது என்பதில்தான் வேறுபாடு எழுந்தது. ஓர் அடி 0.30479841 மீட்டர் எனக் கொண்டால் முதல் ஆரமும், 0.3047996 மீட்டர் எனக் கொண்டால் இரண்டாம் ஆரமும் கிடைக்கின்றன. இவ்விரு அடிகளுக்கும் இடையிலான வேற்றுமை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சுவதுதான். எனினும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அடிகளில் பெருகும்போது அது புவியின் ஆரத்தை ஏறத்தாழ 25 மீட்டர் நகர்த்திவிடுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து சென்னை வரையுள்ள தூரத்தைக் கணக்கிட்டால், இதனால் மட்டும் ஐந்தாறு மீட்டர் வேறுபடும். ஒரு வீட்டுமனையின் எல்லை மாறிவிட இது போதுமானது.

இந்த அடிகளுக்குப் பின்னே தமிழ்நிலத்து உழைப்பு இருக்கிறது. அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே நூறடி எஃகுச் சங்கிலியைக் கிடத்தி, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிப்படைக் கோட்டை அளந்தார். அந்தக் கோட்டிலிருந்து கோணங்களை மட்டும் அளந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்து செல்லும் பணி பின்னர் எவரெஸ்ட் கைக்கு வந்தது. மலையோ குன்றோ இல்லாத காவிரிச் சமவெளியில் தொலைவு நோக்குவதற்குக் கோயில்களின் உயரமே துணையாயிற்று. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை, அதாவது கோணமளக்கும் பெருங்கருவியை, ஏற்றுகையில் கயிறு நழுவிக் கருவி சுவரில் மோதி, அதன் வட்டத் தகடு நெளிந்தது. லாம்டன் பல வாரங்கள் உழைத்து அந்தத் தகட்டைத் தம் கையாலேயே சீர்செய்து, மீண்டும் அளவைக்குப் பயன்படுத்தினார். இத்தகைய உழைப்பால் பிறந்த எண்ணில், பின்வந்தோர் எடுத்துக்கொண்ட மாற்றுவிகிதத்தால் 25 மீட்டர் ஐயம் புகுந்தது வருந்தத்தக்கதே.

ஒரு நீள்கோளத்தைக் குறித்த இடத்தில் பொருத்தி அளவைக்கு அடிப்படையாகக் கொள்வதே ஆதாரத் தளம். இலங்கையின் கண்டவல ஆதாரத் தளமும் 1830ஆம் ஆண்டு வரியிலுள்ள அதே ஆரத்தையே கொண்டுள்ளது. இந்தியாவிலோ 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை, பொதுமக்களுக்கான தாள்களை டபிள்யூஜிஎஸ்84 என்னும் உலகளாவிய ஆதாரத் தளத்துக்கு மாற்றியது. பழைய எவரெஸ்ட் தாளின் அகலாங்கு நெட்டாங்குகளை மாற்றாமல் அப்படியே இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மீது வைத்தால், சென்னைப் பகுதியில் இடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். ஏரியின் கரை எங்கிருந்தது, நீர்வழி எங்கே ஓடியது என்று பழைய தாளைக் காட்டி வாதிடும் ஊராருக்கு அந்த விலகல் வழக்கையே கெடுத்துவிடும். எந்த ஆரம், எந்த மாற்றம் என்பதை மென்பொருள் மறைத்து வைத்தால் அவர்கள் விடையை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. புரோஜின் மூலநிரல் திறந்திருப்பதால் ஐந்து வரிகளையும் ஒப்பிட்டு, இன்ன எண் இன்ன அடியிலிருந்து வந்தது என்று கேள்வி கேட்பவர் முன்னே காட்டிவிடலாம். கட்டற்ற மென்பொருள் இலவசமாகக் கிடைப்பதைவிட, இப்படிச் சரிபார்க்கக் கிடைப்பதே பெரிது.

கியூஜிஐஎஸ் அடுத்த வாரம் உறுதியாக வரும். 78ஆம் நெட்டாங்கு குறுக்கிடுவதால் திண்டுக்கல் ஒரு கோட்டுச்சட்ட மண்டலத்திலும் மதுரை மற்றொரு மண்டலத்திலும் விழும் சிக்கலும் அங்கேயே விளக்கப்படும். அதற்குள் பழைய நிலப்படத் தாளை வருடி எடுக்க முனைவோர் அதன் ஓரங்களை வெட்டிவிட வேண்டாம்; தாள் எண்ணும், அளவையிட்ட ஆண்டும், வெளியிட்ட ஆண்டும் அங்கேதான் அச்சாகியிருக்கும், அவை இல்லாமல் தாளுக்குரிய நீள்கோளத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது.