அர்தூகான் பெயரிலுள்ள மௌன எழுத்தும் எமது அரபுத்தமிழும்

துருக்கி ஜனாதிபதியின் பெயரை எமது செய்தித் தளங்களில் எர்டோகன், எர்துகான், அர்தூகான் எனப் பலவாறு வாசிக்கிறோம். துருக்கியரோ ஏறத்தாழ 'எர்தோஆன்' என்றே அழைக்கின்றனர். அவர்களது உச்சரிப்பில் 'க' ஒலி கேட்பதில்லை. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் ஒரேயோர் எழுத்து.

ஆங்கில 'ஜி' எழுத்தின் தலைமேல் மல்லாந்த பிறைபோல ஒரு வளைவு இட்டால் அந்த எழுத்துக் கிடைக்கும். துருக்கியர் அதை 'மெல்லிய கே' என்கின்றனர். எமது ஆய்தத்தைப் போல அதுவும் சொல்லின் முதலில் வராது. இன்றைய பேச்சில் அதற்கெனத் தனி ஒலி அநேகமாக இல்லை. பெரும்பாலும் முன்னுள்ள உயிரெழுத்தை நீட்டிவிட்டு மறைந்துவிடும்.

1928 வரை துருக்கிமொழி அரபு எழுத்திலேயே எழுதப்பட்டது. இன்று இந்த எழுத்து நிற்கும் பல இடங்களில் அன்று 'ஃகைன்' நின்றது. பக்தாத் நகரின் பெயரைத் துருக்கியர் இன்றும் இந்த எழுத்தைக் கொண்டே எழுதுகின்றனர். அரபு ஊடகங்கள் அவர் பெயரை ஃகைன் கொண்டு எழுதுவதால்தான் எம்மிடம் 'அர்தூகான்' வந்து சேர்ந்தது. நாம் 'மஃரிப்' என எழுதும்போது ஆய்தத்தால் குறிப்பதும் அதே ஃகைனைத்தான்.

1928 நவம்பர் 1ஆம் திகதி நிறைவேறிய சட்டம் 29 இலத்தீன் எழுத்துகளைக் கொண்டுவந்தது. அதில் 'சி' எழுத்துக்கு 'ஜ' ஒலி. அதனால் நாம் 'ரெசெப்' என வாசிக்கும் அவரது முதற்பெயர் உண்மையில் எமக்கு நன்கு தெரிந்த 'ரஜப்'தான்!

புதிய எழுத்து கற்பதற்கு இலகுவாக இருந்தது, எழுத்தறிவும் வளர்ந்தது. ஆனால் பாட்டனார் எழுதிய கடிதத்தையும் அவரது கப்றின் மீஸான் கல்லையும் பேரப்பிள்ளையால் வாசிக்க முடியாமற் போயிற்று. அஸர்பைஜானிலோ ஒரே நூற்றாண்டில் மூன்று முறை எழுத்து மாறியது.

இதைத் தூரத்துக் கதையாக நாம் பார்க்க முடியாது. நான் மட்டக்களப்பு வாவியின் மேற்கே, கொக்கட்டிச்சோலையில் தமிழ் கற்பிக்கிறேன். இந்த ஊரின் பெயரை அரபின் 28 எழுத்துகளால் மட்டும் எழுதிப் பாருங்கள். முதலெழுத்திலேயே தடை: குறில் 'ஒ' அரபில் இல்லை. 'ட' இல்லை, 'ச்ச' இல்லை, 'ஓ'வும் இல்லை. ஏறாவூரின் 'ற'வுக்கும் வாழைச்சேனையின் 'ழ'வுக்கும் இதே நிலைதான்.

எம் முன்னோர் இந்தத் தடையைச் சட்டமோ அரசாணையோ இன்றித் தீர்த்தார்கள். 'தால்' எழுத்தின் கீழ் ஒரு புள்ளியிட்டு 'ட' ஆக்கினார்கள். 'ரே'யின் கீழ் புள்ளியிட்டு 'ற' ஆக்கினார்கள். 'நூன்' கீழ்ப்புள்ளி பெற்று 'ண' ஆனது. எ, ஒ உயிர்களுக்கும் குறிகள் அமைத்தார்கள். இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட புதிய எழுத்துகளுடன் உருவானதே அரபுத்தமிழ் எனப்படும் அர்வி. இலங்கைக்கும் வந்து பணியாற்றிய கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்கச் சட்டநூலான 'ஃபத்ஹுத் தய்யா'னை இதில்தான் எழுதினார். பாடசாலை வாசலை மிதிக்காத பெண்களும் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தமிழில் மார்க்கம் படித்தார்கள்.

துருக்கியில் சட்டம் செய்ததை இங்கே எமது அலட்சியம் செய்தது. தமிழெழுத்தில் நூல்கள் பெருகியது நல்லதே. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் வாப்பாவின் வாப்பா ஓதிய கிதாபு அலுமாரியில் இருக்க, அதிலுள்ளது தமிழ் என்பதே தெரியாமல் 'ஏதோ அரபுக் கிதாபு' என்று பக்குவமாக மூடிவைக்கும் வீடுகள் எத்தனை! கறையானுக்கு மொழிப் பேதம் தெரியாது.

ஆசிரியன் என்ற வகையில் சொல்கிறேன்: குர்ஆன் ஓதத் தெரிந்த, தமிழ் பேசும் பிள்ளைக்கு அர்வி புதிய மொழியல்ல. அது கற்க வேண்டியது அந்தச் சில எழுத்துகளையும் குறிகளையும் மட்டுமே. குர்ஆன் மத்ரஸாக்களில் ஓதி முடித்த பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால், ஒரு தவணைக்குள் கற்பித்துவிடலாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஊரிலுள்ள பழைய கிதாபுகளைச் சேர்த்துப் படமெடுத்து வைக்கலாம். அதற்குக் கையிலுள்ள தொலைபேசியே போதும்.

இன்று அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை அந்த வகுப்பின் ஆசிரியர்களாக அழைப்பதே நாம் முதலில் செய்ய வேண்டியது.