பவளத் தொட்டியில் நைட்ரேட்டு

பவளப் பாறைகளைச் சூழ்ந்துள்ள கடல்நீரில் பயிருக்கு உரமாகும் நைட்ரேட்டு மிகச் சொற்பமே. பல இடங்களில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இராது. அவ்வறுமைக்குப் பழகிய உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் அடைத்து, நாள்தோறும் இரையிட்டு வளர்க்க முற்படுகிறோம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

மீனின் கழிவிலிருந்தும் தின்னாது எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகையின அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியா சிறிதளவாயினும் மீனைக் கொல்லும், நைட்ரேட்டு அத்தகையதன்று. எனவே கவனிப்பாரின்றிப் பெருகுகிறது. பாசி படர்ந்து பவளத்தை மூடுகிறது. வடிகட்டி நீரைத் தெளியவைக்குமேயன்றி, கரைந்துள்ள நைட்ரேட்டைத் தடுக்காது. கழுவப்படாத வடிகட்டியோ, தேங்கிய அழுக்கினால் தானே நைட்ரேட்டை விளைவிக்கும்!

நுண்குமிழிகளைச் செலுத்தி, கரிமப் பொருள்களை அழுகுமுன்னரே நுரையாக அகற்றுவது ஒரு வழி. பிராணவாயு எட்டாத இடங்களில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக வெளிவிடும். தொட்டியடியில் ஆழமாகப் பரப்பிய நுண்மணல் அவற்றிற்கு இடமளிக்கிறது. 1961-ஆம் ஆண்டில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே தொட்டியைப் பேணும் முறையை விளக்கி எழுதினார். பாறையின் உட்புழைகளிலும் இத்தகைய பாக்டீரியாக்கள் வாழ்வதுண்டு.

எனினும் பெரும்பாலோர் நம்புவது நீர் மாற்றுவதையே. இதில் ஒரு கணக்கு உண்டு. தொட்டி நீரில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட்டு இருப்பின், நைட்ரேட்டு அற்ற நீரால் கால் பங்கை மாற்றினால் 30 ஆகும். ஊற்றும் நீரிலேயே 20 இருந்தால் 35-க்குத்தான் இறங்கும். எத்தனை முறை மாற்றினும் 20-க்குக் கீழே போகாது. ஆவியான நீருக்கு ஈடாக ஊற்றும் நீரும் தன் நைட்ரேட்டை விட்டுச் செல்லும்.

இடுக்கி மாவட்டத்து வட்டவடை போன்ற மலையூர்ப் பள்ளிகளில் கடல்நீர்த் தொட்டி அமைக்க விழைவோர் இதனை மனங்கொள்ள வேண்டும். அங்கே கடலுப்புக் கலவையை நன்னீரில் கரைத்தே கடல்நீர் ஆக்கவேண்டும். படிவயல்களில் காய்கறியும் வெள்ளைப்பூண்டும் விளையும் ஊர் அது. உரத்தில் பயிர் கொள்ளாத நைட்ரேட்டை மண் பிடித்து வைப்பதில்லை; மழையோடு இறங்கி ஊற்றில் கலக்கக்கூடும். ஆகவே நீரை முதலில் சோதிக்கவேண்டும். குடிநீருக்குரிய இந்தியத் தர வரம்பு 45 மில்லிகிராம். குடிக்கத் தக்க நீர் தொட்டிக்குத் தக்கதாகாமற் போகலாம். கொதிக்கவைப்பதால் பயனில்லை; நீர் சுண்ட, நைட்ரேட்டின் செறிவு ஏறும். எதிர்ச் சவ்வூடு முறையில் வடித்த நீரே ஏற்றது. மலைக்குளிரில் நீரை 25 டிகிரி சென்டிகிரேடு அளவில் வைத்திருக்க வெப்பமூட்டியும் தேவை.

இந்தியாவில் பாறை அமைக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் பவளமோ பவளப்பாறைத் துண்டோ எடுத்தல் குற்றம். பள்ளித் தொட்டிக்குப் பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்களே போதும். அவற்றை வளர்க்கும் முறைகளை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்துள்ளனர். பாறைக்கு ஈடாக, நுண்புழைகள் கொண்ட சுட்டமண் துண்டுகளை இடலாம். பாக்டீரியாக்கள் அவற்றில் குடியேறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீன்களை விடலாகாது.