ஆய்வுக்கூடத்தில் ஒரு கல்லீரல்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பர் பெரியோர். அச்செல்வத்தைக் காக்கும் உறுப்புகளுள் ஒன்று கல்லீரல். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள அது பித்தநீரைச் சுரக்கிறது, சர்க்கரையைச் சேமிக்கிறது, உண்ணும் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்ற உதவுகிறது.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழியின் தந்தைக்குக் கல்லீரல் செயலிழந்தது. மாற்றுக் கல்லீரலே வழி என்றனர் மருத்துவர்கள். வீட்டில் எவருடையதும் பொருந்தவில்லை. காத்திருந்த நாட்களிலேயே அவர் மறைந்தார். "கல்லீரலைச் செய்யவே முடியாதா?" என்று அவள் கேட்டாள். அதற்கு விடை தேடியே இதை எழுதுகிறோம்.

1998 நவம்பரில் டில்லியில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. நம் நாட்டில் குழந்தைக்குச் செய்து வெற்றிகண்ட முதல் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை அதுவே. அக்குழந்தை வளர்ந்து மருத்துவரானது. வெட்டினாலும் மீண்டும் வளரும் ஆற்றல் கல்லீரலுக்கு உண்டு.

ஆனால் அதன் செல்களைத் தட்டையான கண்ணாடித் தட்டில் வளர்த்தால், சில நாட்களில் தம் வேலையை மறந்துவிடுகின்றன. ஏன்? நம் ஆர்.கே.பேட்டைத் தறிகளைப் பாருங்கள். நூற்குவியல் துணியாகுமா? பாவும் ஊடும் முறையாகச் சேர வேண்டுமன்றோ! செல்களுக்கும் மேலும் கீழும் பக்கத்திலும் துணை வேண்டும். எனவே உயிருள்ள செல்களைக் கூழ் போன்ற பொருளில் கலந்து, அச்சு இயந்திரத்தால் அடுக்கடுக்காகப் படிய வைக்கின்றனர்.

துஹின் பௌமிக், அருண் சந்துரு ஆகியோர் பெங்களூரில் தொடங்கிய பாண்டோரம் டெக்னாலஜீஸ் நிறுவனம், 2015-இல் இம்முறையில் மனிதக் கல்லீரல் திசுவை உருவாக்கியதாக அறிவித்தது. புதிய மருந்து கல்லீரலைக் கெடுக்குமா என்பதை, மனிதருக்குக் கொடுக்குமுன் இத்தகைய திசுவில் சோதிக்கலாம். விலங்குகளின் துன்பமும் குறையும்.

முழுக் கல்லீரல்? அது இன்னும் கைகூடவில்லை. இரத்தக் குழாயிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினாலே செல்லுக்குப் பிராணவாயு போதாது. கல்லீரல் முழுவதும் பரவிய நுண்குழாய்களை அமைப்பதே பெருஞ்சவால்.

தோழியே, உன் கேள்விக்கு இன்றைய விடை, "இன்னும் இல்லை" என்பதே. அதுவரை உறுப்பு தானமே உயிர் காக்கும். அதைப் பற்றி இன்றே நம் வீடுகளில் பேசுவோம். எஞ்சிய விடையை நம்முள் ஒருத்தி நாளை கண்டுபிடிக்கட்டும்!