சென்னையில் கட்டளை, உப்பளத்தில் காகிதம்

புதுச்சேரி உப்பளத்தின் அம்பேத்கர் சாலையில் ஒரு கணக்கு அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே திரையில் தெரியும் பில் சாப்ட்வேர் ஓடுவது ஏறக்குறைய 150 கிலோமீட்டருக்கு அப்பால், சென்னையில் உள்ள ஒரு சர்வரில். ரிமோட் டெஸ்க்டாப் அதன் திரையை மட்டும் இங்கே கொண்டுவந்து காட்டுகிறது. ஆனால் 'பிரிண்ட்' கொடுத்தால் பில் வந்து விழுவது பக்கத்து மேசையிலிருக்கும் பிரிண்டரில். இது எப்படி?

சென்னை சர்வர் இந்த பிரிண்டரைத் தேடி வருவதில்லை, வரவும் முடியாது. அலுவலக நெட்வொர்க் பிரிண்டரின் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அந்த எண்கள் உள்வலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஊரெங்கும் எத்தனையோ அலுவலகங்களில் அதே எண் இருக்கும். ஆகவே விபிஎன் போன்ற தனிப்பாதை இல்லாமல் அந்த முகவரியைச் சர்வரில் கொடுத்து பிரிண்டரைச் சேர்க்கப் பார்ப்பது வீண் வேலை.

நடப்பது வேறு. இணைப்பு கிடைத்ததும் உப்பளத்துக் கணினி தன்னிடமுள்ள பிரிண்டர்களின் பெயர்களைச் சர்வரிடம் ஒப்பிக்கிறது. சர்வர் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொய் பிரிண்டரை உண்டாக்கிக்கொள்கிறது. சாப்ட்வேர் அதை நிஜமென்று நம்பி அச்சிடுகிறது. அச்சுக்குக் கொடுத்த பக்கம், திரையும் விசைப்பலகையும் பயணிக்கும் அதே மறைகுறியாக்கப்பட்ட இணைப்புக்குள் ஒரு தனித் தடத்தில் திரும்பி வந்து, இங்குள்ள நிஜ பிரிண்டரில் இறங்குகிறது.

இடையில் மொழிச் சிக்கல் ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு மொழி. அதைப் பேசத் தெரிந்தது டிரைவர். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் நடுவே ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, நின்றதைப் போன்ற வேலை அது. முன்பெல்லாம் இங்குள்ள பிரிண்டரின் துபாஷி சென்னை சர்வரிலும் இருந்தாக வேண்டும். டிரைவரின் பெயர் சற்று மாறினாலும் பிரிண்டர் தோன்றாது. விண்டோஸ் சர்வர் 2008 கொண்டுவந்த 'ஈஸி பிரிண்ட்' இதை மாற்றியது. சர்வர் பக்கத்தை எக்ஸ்பிஎஸ் என்ற பொது வடிவத்தில், எழுத்துருவையும் உள்ளே வைத்து அனுப்பிவிடும். மொழிபெயர்ப்பு உப்பளத்திலேயே நடக்கும்.

பழுது பார்ப்பதும் இதே வழியில்தான். முதலில் உங்கள் கணினியின் நோட்பேடிலிருந்தே ஒரு பக்கம் எடுங்கள். வராவிட்டால் சென்னைமேல் குற்றமில்லை. வந்தால், ரிமோட் திரைக்குள் நோட்பேடைத் திறந்து எடுத்துப் பாருங்கள். அங்கே பிரிண்டரே காணோமென்றால், இணைக்கும் முன் 'லோக்கல் ரிசோர்சஸ்' பகுதியில் 'பிரிண்டர்ஸ்' என்பதற்கு டிக் இருக்கிறதா, அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் பிரிண்ட் ஸ்பூலர் இரு பக்கமும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். சரிசெய்த பின் ரிமோட் ஜன்னலை மட்டும் மூடித் திறப்பது சில நேரம் போதாது. அது இணைப்பை மட்டுமே துண்டிக்கும். 'சைன் அவுட்' செய்து மறுபடி நுழையுங்கள்.

நோட்பேடில் வருகிறது, பில் மட்டும் வரவில்லை என்றால் பெயரைக் கவனியுங்கள். பொய் பிரிண்டரின் பெயருக்குப் பின்னால் 'ரீடைரக்டட் 3' என்று இருக்கும். அந்த 3 அன்றைய செஷனின் எண். நாளை அது 7 ஆகலாம். நேற்றைய பெயரையே நினைவில் வைத்திருக்கும் சாப்ட்வேர், இல்லாத பிரிண்டருக்குப் பில் அனுப்பிக்கொண்டிருக்கும். டாட் மேட்ரிக்ஸுக்கு நேரடியாகக் குறியீடுகளை அனுப்பும் பழைய பில் சாப்ட்வேர்களோ ஈஸி பிரிண்டில் தடுமாறக்கூடும். அவற்றுக்கு இரு பக்கமும் ஒரே டிரைவரை நிறுவும் பழைய முறையே கைகொடுக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் பிரிண்டர் தோன்றவில்லையா? சர்வரைக் கவனிப்பவரைக் கேளுங்கள். 2021இல் விண்டோஸ் ஸ்பூலரில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஓட்டை வெளிப்பட்டது. அதன் வழியே புகுந்தவர் கணினி முழுவதையும் கைப்பற்றலாம் என்பதால் மைக்ரோசாப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. டிரைவர் நிறுவும் உரிமையையும் அட்மின்களோடு நிறுத்தியது. இதை எண்ணி உங்கள் சர்வரிலும் அச்சு வசதியை மூடி வைத்திருக்கலாம். சென்னையில் யாரோ வேண்டுமென்றே அடைத்து வைத்த கதவை, உப்பளத்திலிருந்து எத்தனை முறை தட்டினாலும் திறக்காது.